கொதித்து ஆறிய தண்ணீர்

மருந்து வண்டியில் நான் கம்பவுண்டராக இருந்தது மொத்தம் பதினான்கு மாதம்தான். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வருஷம் மருந்து கலக்கிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் யாராவது என் உத்தியோகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்தப் பதினான்கு மாதம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அந்த வண்டியின் டிரைவர் இறந்துபோனார். அவர் சாவுக்கு நான் காரணம். இதை இத்தனை காலம் யாரிடமும் சொல்லாமல் இருந்ததற்கு மரியாதை, நிதானம் என்று என்னென்னவோ பெயர் வைத்துப் பார்த்திருக்கிறேன். பயம் என்பதுதான் சரியான பெயர்.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்தைய கதை இது. மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பெரிய மனிதர், காலராவில் போன தம் தாயாரின் நினைவாக அந்த வண்டியை விட்டிருந்தார். பழைய லாரி ஒன்றை வாங்கி அதன் மேல் மரத்தால் ஒரு கூண்டு கட்டியிருந்தார்கள். உள்ளே மருந்து அலமாரி, இரண்டு பேர் படுக்க இரண்டு பலகை, ஒரு மூலையில் ஸ்டவ். முன்பக்கச் சுவரை ஒட்டி உயரத்தில், துத்தநாகம் பூசிய தகரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. பத்துக் குடம் கொள்ளும். கீழே பித்தளைக் குழாய், மேலே ஒரு முழ அகலத்தில் மூடி. என்னுடைய பலகையின் மேல் ஏறி நின்றால் மூடி கைக்கு எட்டும்.

திங்கட்கிழமை புறப்பட்டால் சனிக்கிழமைதான் வீடு. ஒரு வாரம் ஒத்தக்கடை, மேலூர், கொட்டாம்பட்டி என்று திருச்சி ரோட்டில் போவோம். அடுத்த வாரம் திருமங்கலம் பக்கம். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் வந்து எங்களோடு சேர்ந்துகொள்வார். மற்ற நாட்களில் நானும் டிரைவரும்தான்.

டிரைவரை நான் பாய் என்று கூப்பிடுவேன். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், எனக்கு இருபத்துநான்கு. நகரத்துக்குள் பழைய பள்ளிவாசலை ஒட்டிய தெருவில் அவர் வீடு. மனைவி மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. அவர் அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தால் அந்தக் கொஞ்சப் பேச்சும் நின்றுவிடும். வண்டியின் எஞ்சினைக்கூட அவர் அப்படிச் சீராட்டிப் பார்த்ததில்லை. அந்தத் தொட்டியைத்தான் பார்ப்பார்.

"நோயாளிக்கு மருந்து கலக்குறது இந்தத் தண்ணியிலதான தம்பி. நீங்க எம்புட்டு நல்ல மருந்து வச்சிருந்தாலும் தண்ணி கெட்டுச்சுன்னா அம்புட்டும் வெஷந்தான்" என்பார்.

சனிக்கிழமை வண்டி ஷெட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்து அடித்தண்ணீர் வரை வடியவிடுவார். சட்டையைக் கழற்றிவிட்டு, மூடி வழியாகத் தோள் வரை கையை விட்டு, தேங்காய் நாரால் உள்பக்கம் முழுவதையும் தேய்ப்பார். மூலைகளில் விரலை ஓட்டிப் பார்ப்பார். எங்காவது வழுவழுப்புத் தட்டினால் மறுபடியும் நார். புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகுமே என்று நான் ஒருமுறை யோசனை சொன்னேன். "பூச்சு போயி துருப் புடிச்சுக்கும் தம்பி, அது ஒங்க வீட்டு அண்டா இல்ல" என்றார். பிறகு பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தெளிவை ஊற்றித் தொட்டியை நிரப்புவார். குழாயைத் திறந்து, மருந்து வாசனை மூக்கில் ஏறும் வரைக்கும் ஓடவிட்டு மூடுவார்.

"தொட்டி மட்டும் குளிச்சாப் பத்தாது. கொழாயோட தொண்டைக்குள்ளயும் மருந்து எறங்கணும்."

மறுநாள் அதை வடித்து, இரண்டு தடவை நல்ல தண்ணீர் விட்டு அலசி, மூடியைத் திறந்து வாயில் மல் துணி கட்டி உலரவிடுவார். திங்கட்கிழமை நிரப்புவதற்கென்று ஒரு தனி வாளி. அது கொக்கியில்தான் தொங்கும். தரையில் வைத்த வாளியைத் தொட்டிக்கு மேல் கவிழ்க்கமாட்டார். டாக்டர் ஒருநாள் கால் கழுவ அந்த வாளியை எடுத்துவிட்டார். பாய் அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கொக்கியில் மாட்டிவிட்டு வேறு வாளியைக் கொடுத்தார்.  டாக்டர் அதில் கால் கழுவிக்கொண்டார்.

இனி என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் தோல் பட்ட தண்ணீர் ஆகாது. தெருவுக்குக் குழாய் வந்த பிறகும் அம்மா கிணற்றில்தான் இறைத்தாள். குழாய்க்குள் ஒழுகாமல் அடைக்கத் தோல் வாசர் இருக்கிறது, செத்த மாட்டின் தோல் அது என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். சொன்னதில் பொய் இல்லை. அந்தக் காலத்துக் குழாய்களில் தோல் வாசர்தான். மருந்து வண்டியில் வேலை கிடைத்த அன்று, தோல் வழியாக வந்த தண்ணீரைக் குடிக்கமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பாய் நிரப்பிய தண்ணீர் ஆகுமாம், குழாய் வழியாக வந்தால் ஆகாதாம். இது என்ன நியாயமோ. சத்தியம் தோலைப் பற்றி மட்டும்தான் இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் அந்தக் குமட்டல் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

சேர்ந்த முதல் வாரமே பாய் கவனித்துவிட்டார். நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த கூஜாத் தண்ணீரை மட்டும் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சாப்பிட உட்காரும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தம்பி, கொழாயில தோல் வாசர் கெடக்கு. அது ஒங்களுக்குச் சங்கடம்னா சொல்லுங்க. டியூப் ரப்பரை வெட்டிப் போட்டுருவேன். கொஞ்சம் ஒழுகும், அம்புட்டுத்தான்."

அந்த ஒரு நிமிஷத்தை எத்தனை தடவை திரும்ப நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆமாம் பாய், மாற்றிவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் சிரித்திருக்கக்கூட மாட்டார். ஆனால் நான் படித்தவன். புளியமரத்தடியில் ஊரைக் கூட்டிவைத்துக் கிருமியைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவன். மூடப்பழக்கம் கூடாது என்று வாய் கிழியப் பேசுகிறவன் தோலுக்குப் பயந்தவன் என்று டிரைவருக்குத் தெரியலாமா?

"சேச்சே, அதெல்லாம் பழைய ஆளுக பாக்குறது பாய். எனக்கு அப்பிடி ஒண்ணும் கெடையாது" என்றேன். அவர் எதிரிலேயே குழாயில் அரை டம்ளர் பிடித்து வாயருகே கொண்டுபோனேன். அவர் திரும்பியதும் வெளியே கொட்டினேன்.

அன்றிலிருந்து திருட்டுத்தனம்தான். பாய் தொழப் போகிற நேரம் பார்த்துப் பலகையின் மேல் ஏறி, மூடியைத் தூக்கி, துணியை விலக்கி, என்னுடைய பித்தளைச் செம்பை உள்ளே விட்டு முகந்துகொள்வேன். தினமும் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தங்கம் போல வைத்திருந்த செம்பு அது. எனக்கு அது சுத்தமாகத் தெரிந்தது. கண்ட பாத்திரத்தையும் குடிதண்ணீருக்குள் விடாதீர்கள் என்று காலையில் ஒரு ஊரில் சொல்லிவிட்டு மத்தியானம் அதையே செய்வேன். எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. தொட்டியில் எப்போதும் கொஞ்சம் பிளீச்சிங் மருந்து இருந்தது; நான் போட்ட அழுக்கையெல்லாம் அது தின்றுகொண்டிருந்தது.

பங்குனியில், கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் வாந்திபேதி கண்டது. திங்கட்கிழமை நாங்கள் போனபோது நாலு வீட்டில் சாவு. இருந்த பிளீச்சிங் பவுடர் முழுவதையும் ஊர்க் கிணறுகளில் போட்டோம். புதன்கிழமை டப்பாவைத் தட்டியபோது அடியில் தூசிதான் இருந்தது. டாக்டர் வெள்ளிக்கிழமை புது டப்பா கொண்டுவருவதாக இருந்தது. அது வரைக்கும் எங்கள் தொட்டிக்கு மருந்து இல்லை.

பாய் யோசித்துப் பார்த்துவிட்டு, தண்ணீரைக் கொதிக்கவைப்பது என்று முடிவு செய்தார். நோய் காணாத பக்கத்து ஊருக்குப் போய் ஒரு கல்யாண அண்டாவை வாங்கிவந்தார். அதைச் சாம்பலால் துலக்கி அலசி, முதலில் கொதித்த தண்ணீரை அண்டாவுக்குள்ளேயே சுழற்றிக் கீழே ஊற்றினார். பிறகு பனை மட்டையைப் போட்டு எரித்து நாலு அண்டாத் தண்ணீர் காய்ச்சினார். பங்குனி வெயில் ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தண்ணீர் தளதளவென்று பொங்கிப் புரண்ட பிறகும் அவர் விறகை இழுக்கவில்லை. தொட்டியைக் கழுவி, கொதிநீரைக் குழாய் வழியாக ஓடவிட்டு, மீதியை ஆறவைத்து வடிகட்டி நிரப்பினார். புதுத் துணியைக் கட்டி மூடியைப் போட்டுவிட்டு இறங்கினார்.

"தம்பி, இதுல மருந்து வாசனை இருக்காது, குடிக்க நல்லாருக்கும். ஆனா கொதிச்சு ஆறுன தண்ணிக்குக் காவல் கெடையாது. மருந்து இருந்தா என்ன விழுந்தாலும் அது பாத்துக்கும். இதுல விழுந்தது அப்பிடியே இருக்கும். டாக்டர் வர்ற வரைக்கும் மூடியத் தொறக்கவே கூடாது. கொழாயிலதான் புடிக்கணும்."

அது பாடம் நடத்திய பேச்சல்ல. அவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும் என்ற நம்பிக்கையில் சொன்னார். எனக்கும் தெரியும்தான். இன்னும் கேட்டால் அவரைவிட நன்றாகவே தெரியும்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையிலிருந்து மூன்று வீடுகளில் நோயாளிகளோடு இருந்துவிட்டு வந்தேன். கையை லோஷனில் முழங்கை வரை கழுவினேன். குளிக்கக் கண்மாய்க்குப் போனபோது வழக்கம்போலச் செம்பும் கூட வந்தது. அதில் மொண்டு ஊற்றிக் குளித்தேன். கரையில் மண் போட்டுத் தேய்த்து, அந்தத் தண்ணீரிலேயே அலசி எடுத்துக்கொண்டேன். அதே கண்மாயின் மறுகரையில்தான் ஊர்க்காரர்கள் நோயாளிகளின் துணியைத் துவைத்தார்கள். துவைக்காதீர்கள் என்று அன்று காலையில் அங்கே நின்று கத்தியவன் நான்தான்.

வண்டிக்கு வந்தபோது நாக்கு வறண்டுபோயிருந்தது. கூஜா காலி. பாய் மரத்தடியில் துண்டை விரித்துத் தொழுதுகொண்டிருந்தார். குழாய் எனக்கு எதிரில் இருந்தது. திறந்திருந்தால் ஒரு டம்ளர் தோல் தண்ணீர், அவ்வளவுதானே? அம்மா இருபத்தைந்து மைலுக்கு அப்பால் இருந்தாள். ஆனாலும் கை குழாய்க்குப் போகவில்லை. எட்டு மாதப் பழக்கம் என்னைப் பலகை மேல் ஏற்றியது. நனைந்த செம்பை உள்ளே விட்டு முகந்தேன். குடித்துவிட்டு இன்னொரு தடவையும் முகந்தேன்.

சாயங்காலம் வண்டியை ரோட்டோரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினோம். பாய் உள்ளே வந்து தொட்டியை அண்ணாந்து பார்த்தார்.

"துணி நனைஞ்சிருக்கே. மூடியத் தொறந்தீகளா தம்பி?"

"இல்லையே பாய். வண்டி குலுங்குனதுல தெறிச்சிருக்கும்" என்றேன்.

வண்டிப்பாதை மேடும் பள்ளமும்தான். அவர் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தார். "இருக்கும்" என்றார். டம்ளரை எடுத்துக் குழாயில் நிறையப் பிடித்து, நின்றபடியே முழுவதையும் குடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாயில் நாக்கு இருந்தது, தொண்டையில் குரல் இருந்தது. வேண்டாம் பாய் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் நான் பொய்யன் என்று தெரிந்துபோகும். அந்தக் கணத்தில் எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் அவர் வண்டியை விட்டு இறங்கி ஓடினார். மூன்றாவது தடவை திரும்பி வரும்போது படியில் கால் வைக்க முடியவில்லை. வெளுப்பு ஏறிய கஞ்சித் தண்ணீராகப் போயிற்று. கெண்டைக்காலில் தசை முறுக்கிக்கொண்டது. அந்த வாரம் முழுக்க நான் பார்த்த அதே நோய். உப்புப் போட்டுப் புதிதாகக் கொதிக்கவைத்த தண்ணீரைக் கொடுத்தேன், கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது. மேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றுவார்கள். எங்களிடம் வண்டி இருந்தது. அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் பலகையில் கிடந்தார். எனக்கு ஓட்டத் தெரியாது. கற்றுத் தருகிறேன் என்று பாய் பலமுறை சொல்லியும் நான் சிரத்தை எடுக்கவில்லை.

முதலில் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினேன். கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு விசிலை ஊதிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, உள்ளே நாற்பது ஜனம். கடைசியில் ஒரு விவசாயி மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி ஏற்றிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டினேன். பாயின் கண் உள்ளே போய், விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. குரல் காற்றாகத்தான் வந்தது. அவர் நோயைப் பற்றிப் பேசவில்லை, மனைவியைப் பற்றியும் பேசவில்லை.

"வெந்நி நல்லாத்தான கொதிச்சுச்சு? நீங்கதான் பாத்தீகளே."

"நல்லாக் கொதிச்சுச்சு பாய்."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார். "அண்டாவ ரெண்டு தடவ அலசுனேன். கொழாய்க்கும் விட்டேன்ல?"

"விட்டீக பாய்."

"எங்கயோ கை தப்பிருச்சு தம்பி. தொட்டியக் கொட்டிருங்க. நீங்க அதக் குடிக்காதீக."

உங்கள் கை தப்பவில்லை, என் செம்புதான் உள்ளே போனது என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சாகப் போகிறவருக்கு அந்த ஒரு நிம்மதியாவது கிடைத்திருக்கும். வண்டிக்காரர் காதில் விழுமே என்று பார்த்தேன். பிழைத்து எழுந்ததும் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். மேலூருக்கு இரண்டு மைல் இருக்கும்போது, உச்சி வெயிலில் அவர் மூச்சு நின்றது. வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டுத் தலைத்துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதைப் பாயின் முகத்தில் போட்டேன்.

மேலூர்ப் பள்ளிவாசலைச் சேர்ந்தவர்கள் வந்து குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தி அடக்கம் செய்தார்கள். நான் தள்ளி நின்றேன். எனக்கும் வயிற்றுப்போக்கு கண்டது. இரண்டு நாளில் அதுவாகவே நின்றுவிட்டது. நியாயம் பார்த்து வருகிற நோயல்ல அது.

பிளீச்சிங் பவுடர் டப்பாவோடு வந்த டாக்டர், வண்டிக்குள் நின்று தொட்டியைத் தட்டிப் பார்த்தார். டிரைவர் இந்தத் தண்ணீரைத் தவிர வேறு எதையாவது குடித்தாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் தொட்டியைச் சரியாகக் கழுவியிருக்கமாட்டார்கள், அல்லது தண்ணீர் சரியாகக் கொதித்திருக்காது என்றார்.

"தொட்டி யார் பொறுப்பு?"

"டிரைவர் பொறுப்பு சார்."

சொன்ன மூன்று வார்த்தையில் ஒன்றுகூடப் பொய்யில்லை. டாக்டர் அதை அப்படியே காகிதத்தில் எழுதி, வண்டியை விட்ட பெரிய மனிதருக்கு அனுப்பினார். டிரைவரின் கவனக்குறைவு என்று அதில் இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

பத்து நாள் கழித்துப் பாயின் பெட்டியைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். போகும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். தெருமுனையிலிருந்து ஒவ்வொரு வாக்கியமாக ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். புருஷன் போனபின் காக்கிற இத்தாவில் அந்த அம்மா இருந்ததால் வெளி ஆண்களுக்கு முன் வரவில்லை. நான் முன்னறையில் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு நீலத் திரை. குரல் மட்டும் வந்தது.

"நீங்கதான் கம்பவுண்டர் தம்பியா? ஒங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாக. படிச்ச பிள்ளை, எந்த வித்தியாசமும் பாக்காதுன்னு."

நான் பெட்டியைத் திரை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"தொட்டியச் சரியாக் கழுவலைன்னு சொல்றாகளே தம்பி. இங்க வீட்டுல ஒரு சொம்ப நான் கழுவி வச்சாக்கூட மறுபடி எடுத்துக் கழுவுவாக. அவுகளா அப்பிடி விட்டாக? நீங்க கூடவே இருந்தவுக."

 அந்த நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு வழியாக ஒரு ஜட்கா வண்டி போனது. நான் பேசாததை அவர் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"ஒங்களுக்கும் வயிறு போச்சாமே. ஒரு தாய் பெத்த பிள்ளை. அவுக கவனக்குறைவுல ஒங்களுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா நான் எங்க போயி நிப்பேன்? அவுகளுக்காக நான் கேக்குறேன். மனசுல வச்சுக்காதீக, அவுகள மன்னிச்சுருங்க தம்பி."

"பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.